பழைய கடிகாரத்தின் ‘ரேடியம்’: விடுவதா, தொடுவதா, மாற்றுவதா?

அப்பா சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகத்தில் இரவு முறை வேலை பார்த்தவர். கப்பலின் அடியறையில் சரக்கு இறங்கும் நேரத்தில் மணி பார்க்க அவருக்கு இருந்தது இடது கையில் கட்டிய ஒரு சுவிஸ் கடிகாரம். சாவி கொடுத்தால் ஓடும் வகை. காலையில் எழுந்ததும் அதைக் காதருகே வைத்துக் கேட்பார், சாவி கொடுப்பார், அதன் பிறகுதான் காப்பியைத் தொடுவார். 1972இல் வாங்கியது. தயாரித்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த அந்தக் கடிகாரத்தைச் சென்ற ஆண்டு தம்பி வெளியே எடுத்தான். அவன் மகனுக்குத் திருமணம். தாத்தாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பையன் மணவறையில் உட்கார வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

“அக்கா, டயலைப் புதிதாக அடித்து, முள்ளுக்கும் ரேடியம் பூசிவிடலாம். பளிச்சென்று இருக்கட்டும்” என்றான்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அவன் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. மனம் ஒப்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பதிலைத் தேடி நான்கு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். பழுது பார்ப்பவர்களிடம் கேட்டேன், படித்தேன், சில கடிகாரங்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். பல வீடுகளில் இப்படி ஒரு கடிகாரம் இருக்கும், இதே பேச்சும் நடக்கும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த ‘ரேடியம்’?

இருட்டில் ஒளிரும் எதையும் நாம் ரேடியம் என்றுதான் சொல்கிறோம். வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரும் ரேடியம், மேசைக் கடிகாரத்தின் முள்ளும் ரேடியம். பேச்சு வழக்குக்கு அது போதும். பழைய கடிகாரத்தின் மூடியைத் திறப்பதற்கு முன் அது போதாது. முள்ளில் இருப்பது மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பது முடிவாகும்.

முதலாவது உண்மையான ரேடியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960கள் வரை வந்த கடிகாரங்களில் இது இருக்கலாம். ரேடிய உப்பைத் துத்தநாக சல்பைடுடன் கலந்து பூசினார்கள். ரேடியத்தின் கதிர் பட்டுத் துத்தநாக சல்பைடு இரவு முழுவதும் ஒளிரும். முதலில் வெளிச்சம் காட்ட வேண்டியதே இல்லை. ஆனால் அதே கதிர்தான் துத்தநாக சல்பைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. சில பத்தாண்டுகளில் ஒளி அணைந்துவிடும். ரேடியம் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். அறுபது ஆண்டுகளில் நூற்றில் மூன்று பங்குகூடக் குறைந்திருக்காது. ஒளி போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது டிரிட்டியம், ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. ரேடியத்தின் இடத்தை 1960களில் இது பிடித்தது, 1990களின் இறுதி வரை நீடித்தது. இதன் கதிர் மிகவும் பலவீனமானது, கடிகாரக் கண்ணாடியையே தாண்டாது. அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அப்படியானால் ஐம்பது ஆண்டுகளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்பாவின் கடிகாரம் இந்த வகை. முள் ஏன் இருண்டுவிட்டது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

மூன்றாவது, கதிரியக்கமே இல்லாத இன்றைய பூச்சு. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் கொண்டுவந்த லூமிநோவாவும், அதன் வழியில் சுவிட்சர்லாந்தில் தயாராகும் சூப்பர் லூமிநோவாவும் இந்த வகை. அடிப்படைப் பொருள் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். விளக்கு வெளிச்சத்தையோ பகல் வெளிச்சத்தையோ உள்வாங்கி, இருட்டில் சில மணி நேரம் திருப்பித் தரும். இன்று யாராவது உங்களுக்கு ‘ரேடியம் பூசித் தருகிறேன்’ என்றால், பூசப்போவது இதைத்தான்.

எது எது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. டயலில் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்துகள் இருக்கும். ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில எழுத்தான டி இருந்தால் டிரிட்டியம். ‘டி’யுடன் 25 என்ற எண் இருந்தாலும் அதுவே. 1960களுக்கு முந்தைய கடிகாரம், ஒளிர்பூச்சு இருக்கிறது, அந்த எழுத்து மட்டும் இல்லை என்றால், ரேடியம் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இன்னோர் அடையாளமும் உண்டு. பல ஆண்டுகள் ஒரே நேரத்தில் நின்றுபோன கடிகாரத்தில் முட்களுக்கு நேர் கீழே டயலில் முள்ளின் வடிவத்திலேயே ஒரு பழுப்பு நிழல் படிந்திருக்கும். தோசைக்கல்லில் மறந்துவிட்ட கரண்டியின் தடம் போல இருக்கும். அது ரேடியம் சுட்ட தடம். கதிரியக்க அளவி வைத்திருப்பவர் இருந்தால் இன்னும் எளிது. ரேடியம் கண்ணாடிக்கு வெளியிலேயே சத்தம் போடும், டிரிட்டியம் போடாது.

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்வதும் நல்லது, விலை அதிகமில்லை. பழைய டிரிட்டியப் பூச்சின் மேல் அடித்தால் ஒளிரும், டார்ச்சை எடுத்ததும் சில நொடிகளில் அணையும். எடுத்த பிறகும் பச்சையாக நின்று ஒளிர்ந்தால், யாரோ ஏற்கெனவே புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோட்டுச் சந்தையில் வாங்கிய பழைய கடிகாரங்கள் நம்மில் பலர் வீட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு வரலாறு சொல்ல ஆளில்லை. இந்த டார்ச் கொஞ்சம் சொல்லும்.

ரேடியமாக இருந்தால்

இருந்தால், வீட்டில் திறக்காதீர்கள். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

1917இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் ரேடியம் டயல் தீட்டும் தொழிற்சாலை ஒன்று தொடங்கியது. வேலைக்கு வந்தவர்கள் இளம்பெண்கள். எண்கள் மெல்லியதாக வர வேண்டும் என்பதற்காகத் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் உள்ளே போயிற்று. பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் உடன் வேலை பார்த்த நால்வரும் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டுடன் முடிந்தது. அந்தப் பூச்சைக் கண்டுபிடித்த சேபின் வான் சோச்சாக்கியே அதே ஆண்டில் கதிரியக்கத்தால் வந்த இரத்த நோயில் இறந்தார். கையில் கட்டியிருப்பதால் இந்த நிலை வராது. கண்ணாடிக்குள் இருக்கும் வரை பெரும்பகுதிக் கதிர் உள்ளேயே நிற்கும். உதிரும் தூள் மூச்சிலும் வாயிலும் போவதுதான் அஞ்ச வேண்டியது. இணையத்தில் காணொளி பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊசியால் சுரண்டுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு வெளிவரும். ஒரு கடிகாரத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான்கைந்து சேர்ந்துவிட்டால், காற்றோட்டமில்லாத இடத்தில் வைக்க வேண்டாம். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பழைய பொருள்களை எல்லாம் வீட்டின் பாதுகாப்பு அறையில் போட்டுக் கனத்த இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறோம். ரேடியம் கடிகாரத் தொகுப்புக்கு அதைவிடப் பொருந்தாத இடம் இல்லை. தூக்கி எறியவும் கூடாது. இங்கே கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்துவது தேசியச் சுற்றுப்புற வாரியம். எதைச் செய்வதற்கு முன்பும் அவர்களைக் கேளுங்கள். மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால், ரேடியம் என்பதை முதல் வரியிலேயே சொல்லி, அதைக் கையாள ஏற்பாடு வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். சொல்லாமல் கொடுப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

இனி எழுதுவதெல்லாம் டிரிட்டியக் கடிகாரம் பற்றியது.

மெஷின் வேறு, முகம் வேறு

தம்பிக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது. மெஷினுக்கு எண்ணெய் வேண்டும். அது காய்ந்துவிட்டால் பல்லோடு பல் தேயும். முழுதும் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புது எண்ணெய் விட்டுப் பூட்டுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அது முடிந்ததும் கடிகாரத்தைச் சோதனைக் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பாவின் கடிகாரம் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. முழுச் சாவியில் ஊசல் சக்கரத்தின் (மெஷினுக்குள் முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) வீச்சு 270 பாகையை ஒட்டி வந்தால் மெஷின் நலம். கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக் ஆக இருக்கும். மெருகு போடலாம், புதிது போட்டாலும் பெரிய செலவில்லை, கடிகாரத்தின் குணமும் கெடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தச் செலவு உண்டு. மீதிக் கேள்வி எல்லாம் டயலும் முள்ளும் பற்றியது.

டயலைத் தொடாமல் விட்டுவிடுவது

செலவில்லாத வழி, திரும்பிப் போக முடிகிற வழியும் இதுதான். இன்று விட்டுவிட்டால் நாளை பூசிக்கொள்ளலாம். இன்று சுரண்டிவிட்டால் நாளை ஒட்ட முடியாது. நான்கு மாத அலைச்சலில் எனக்குக் கிடைத்த பதில் இந்த ஒன்றுதான், மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் அளந்தேன்.

ஒரு பழுதுபார்ப்பவரின் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு அப்பாவின் டயலைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரிந்த புள்ளிகள் அங்கே வேறு மாதிரி இருந்தன. பன்னிரண்டுக்கு மேல் இரட்டைப் புள்ளி, ஒவ்வொன்றும் காய்ச்சி இறக்கிய நெய்யின் நிறத்தில், நடுவில் லேசாக மேடிட்டு. நான்கு மணிப் புள்ளி மட்டும் ஒரு ஓரத்தில் உடைந்திருந்தது. வெள்ளித் தளத்தில், அப்பா எப்போதும் சாவிக் குமிழைத் திருகும் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக மஞ்சள் ஏறியிருந்தது. எழுத்துகளின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. புதிதாக வந்தபோது இந்தப் புள்ளிகள் வெளிறிய நிறத்தில் இருந்திருக்கும். நெய் நிறம் ஐம்பது ஆண்டு கொடுத்தது.

விற்க நினைப்பவர்களுக்கும் இதே பக்கம்தான் இலாபம். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது டயல் அசலா என்பதைத்தான். புதிதாக்கிய டயலுக்குக் கொடுக்கும் விலை குறைவு.

இந்த வழி பொருந்தாத நிலை ஒன்று உண்டு. பூச்சு உதிர்கிறதென்றால் சும்மா விட முடியாது. அப்பாவின் பெரிய முள்ளில் பாதிப் பூச்சு போய்விட்டது. டயலின் மேல் ரவை போல மூன்று துணுக்குகள் கிடந்தன. அந்த ரவை ஒன்று நடு ஓட்டை வழியாக மெஷினுக்குள் இறங்கினால், புதிதாகச் சர்வீஸ் செய்த கடிகாரம் நின்றுவிடும்.

உதிர்வதைப் பிடித்து நிறுத்துவது

இந்த வழியைப் பற்றிக் கடைகளில் தாமாக யாரும் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். பழைய கடிகார முட்கள் பல, நடுவில் நீளமான துவாரம் விட்டுச் செய்தவை. பூச்சு அந்தத் துவாரத்தில் பாலம் போல நிற்கிறது. முள்ளைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் மிக மெல்லிய பசையை ஒரு துளி ஓடவிட்டால், விரிசல் விட்ட பூச்சு மொத்தமாகக் கெட்டிப்பட்டுவிடும். முன்பக்கத்தில் ஒன்றும் தெரியாது. நிறம் மாறாது, ஒளியும் வராது. பூச்சு முழுதாக இருந்து விரிசல் மட்டும் விட்டிருக்கிற முள்ளுக்கு இதைவிட நல்ல மருத்துவம் இல்லை என்பது என் முடிவு.

முள்ளுக்கு மட்டும் புதுப் பூச்சு

பாதி போய்விட்ட முள்ளுக்குப் பசை போட்டு என்ன செய்வது? அங்கே புதிதாக நிரப்பத்தான் வேண்டும். பழையதை ஈரப்படுத்தி, தூள் பறக்காமல் எடுத்துவிட்டு, ஒளிர்தூளைப் பசையுடன் தேன் பதத்துக்குக் குழைத்து, மெல்லிய கம்பி நுனியால் பின்பக்கமிருந்து துவாரத்தை நிரப்புவார்கள். பதம் இளகினால் வழியும், இறுகினால் திட்டுத் திட்டாக நிற்கும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும்.

பார்க்க வேண்டியது நிறம். எதையும் கேட்காமல் விட்டால் பலர் பிரகாசமான வெளிர்பச்சைத் தூளைப் பூசிவிடுவார்கள். நெய் நிறப் புள்ளிகளுக்கு மேல் பச்சை முள் ஓடினால், பட்டுப்புடவைக்கு நைலான் முந்தானை தைத்தது போல இருக்கும். டயலின் நிறத்துக்கு இணங்கச் சாயம் சேர்க்கச் சொல்லலாம். சாயம் கூடக் கூட ஒளி குறையும், இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒளியும் வேண்டும், பழுப்பும் வேண்டும் என்றால் இரண்டும் முழுதாகக் கிடைக்காது.

முள் டயலிலிருந்து தனியே பிரியக்கூடிய உறுப்பு. முள்ளில் நடந்த தவறைத் திருத்த வழியுண்டு, டயலில் நடந்தால் இல்லை. அதனால்தான் முள்ளோடு நிறுத்துவதை ஒரு தனி வழியாகவே எண்ணுகிறேன்.

டயல் புள்ளிகளுக்கும் புதுப் பூச்சு

தினமும் கட்டி, இரவில் மணி பார்க்கப்போகிறேன் என்பவருக்கு இதில் நியாயம் இருக்கிறது. முள் மட்டும் ஒளிர்ந்து, எண்கள் இருண்டிருந்தால் மணி தெரியாது. புள்ளிகள் எல்லாம் உதிர்ந்து குழிகள் மட்டும் மிஞ்சிய டயலுக்கும் இதுவே வழி. மற்றபடி நல்ல புள்ளிகளைச் சுரண்டி எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சுரண்டும் கருவி ஒரு மயிரிழை வழுக்கினால் பக்கத்திலிருக்கும் அச்செழுத்து போய்விடும். அந்த அச்சு ஈரத் துணிக்கே சில நேரம் தாங்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் பிறகு ஆறு மணிக்குக் கீழிருக்கும் ‘டி’ எழுத்து பொய்யாகிவிடும். விற்கும்போது பூச்சு மாற்றியதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று.

டயலையே புதிதாக அடிப்பது

தம்பி முதலில் கேட்டது இதுதான். பழைய வண்ணத்தை முழுதும் கரைத்து, பித்தளைத் தகடு வரை இறங்கி, புது வண்ணம் தெளித்து, எழுத்தையும் கோடுகளையும் மறுபடி அச்சடிப்பார்கள். அவன் சொன்ன காரணத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை.

“அக்கா, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்துக்குப் புது வண்ணம் தீட்டினார்கள். அசல் போய்விட்டது என்று யாராவது அழுதார்களா?”

நல்ல கேள்வி. பல நாள் யோசித்தேன். கோபுரத்தின் வண்ணம் வெயிலுக்கும் மழைக்கும் கொடுப்பதற்காகவே தீட்டப்படுவது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது அந்த மரபின் உள்ளேயே இருக்கிறது, அதைச் செய்யும் கைகளும் தலைமுறையாக அதே வேலை தெரிந்தவை. டயல் அப்படி இல்லை. அந்த எழுத்தின் வடிவம், கோட்டின் பருமன், வெள்ளித் தளத்தில் நடுவிலிருந்து கதிர் போல விரியும் கோடுகள், எல்லாம் ஒரு தொழிற்சாலையின் அச்சுத் தகட்டிலிருந்து வந்தவை. அந்தத் தகடு இன்று இல்லை. புதிதாக அடிப்பவர் தன்னிடமுள்ள எழுத்தைத்தான் போட முடியும்.

எங்கள் பெரியம்மா மகன் தன் கடிகாரத்தை ஒரு கடையில் கொடுத்து இப்படிச் செய்தார். தூரத்தில் பார்த்தால் அழகு. உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்து தடித்துப்போய், ஓரங்கள் மழுங்கி இருந்தன. நிமிடக் கோடுகள் மணிக் குச்சிகளுக்கு நேராக நிற்கவில்லை, மூன்று மணிக்கு அரை இழை மேலே, ஒன்பதுக்கு அரை இழை கீழே. ஆறு மணிக்குக் கீழிருந்த ‘டி’ எழுத்தைப் போட மறந்திருந்தார்கள். “அப்பா கடிகாரம் மாதிரியே இருக்கிறது, ஆனால் அப்பா கடிகாரமாகத் தோன்றவில்லை” என்றார் அண்ணன். தம்பியும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தான். அதன் பிறகு வாதம் பாதியாகக் குறைந்தது.

இந்த ஊரிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. நகர மறுசீரமைப்பு ஆணையம் அவற்றுக்கு வகுத்த நெறி, இருப்பதை இயன்றவரை அப்படியே வைத்திருப்பது, உணர்ந்து மீட்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்ற வரிசையில் போகிறது. அப்பர் டிக்சன் சாலையில் ஒரு கடைவீட்டின் சன்னலைப் பார்த்தாலே அந்த வரிசை புரியும். இடித்துவிட்டுப் பழைய மாதிரி கட்டுவது அதில் இல்லை. டயல் அழுகித் தகடு தெரியும் அளவுக்குப் போயிருந்தால் புதிதாக அடிக்கலாம், நானும் தடுக்கமாட்டேன். எங்களுடையது அந்த நிலையில் இல்லை.

வேறு டயல் போடுவது

நிறுவனம் இன்னும் இயங்கினால், அதன் சர்வீஸ் மையத்தில் புது டயல் கிடைக்கலாம். எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. கிடைப்பவர்களுக்கு ஒரே அறிவுரை: கழற்றிய பழைய டயலையும் முட்களையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் திரும்ப வராது. கொடுக்கும்போதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

டயல் மாற்றுவது எப்போதும் இழப்பு என்று நினைக்க வேண்டாம். 1945இல் பிரிட்டிஷ் இராணுவத்துக்காகப் பன்னிரண்டு நிறுவனங்கள் ஒரே வரையறையில் கைக்கடிகாரம் செய்து கொடுத்தன. ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ரேடியம் பூசியவை. பின்னாளில் பாதுகாப்பு அமைச்சே பலவற்றின் டயலைக் கழற்றிவிட்டு, வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து போட்ட டிரிட்டிய டயலைப் பொருத்தியது. ரேடியத்தை அகற்றுவதுதான் காரணம். பிரிட்டிஷ் படைகள் 1971 வரை சிங்கப்பூரில் இருந்தன, ஆகவே இப்படி ஒன்று இங்கே கையில் கிடைத்தால் வியப்பில்லை. வட்டத்துக்குள் ‘டி’ இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த மாற்றமும் அந்தக் கடிகாரத்தின் வாழ்க்கையில் நடந்ததுதான்.

யாரிடம் கொடுப்பது

சைனாடவுனிலும் நார்த் பிரிட்ஜ் சாலைப் பக்கமும் பழைய கடிகாரம் பார்க்கும் சிறிய கடைகள் இன்னும் இருக்கின்றன. வயதானவர்கள் நடத்துகிறார்கள், பலருக்குப் பின்னால் ஆளில்லை. போய் உட்கார்ந்து பேசுங்கள். நான் கேட்டது இரண்டே கேள்வி. பூச்சு பூசிய பழைய முள் ஏதாவது காட்ட முடியுமா? கடிகாரத்தின் உலோக உறைக்கு மெருகு போடாமல் தர முடியுமா? முதல் கேள்விக்குக் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு டப்பாவைத் திறந்தவரிடம் நான் கொடுத்தேன். இரண்டாவது கேள்வி ஏனென்றால், கேட்காமலே உறையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பல கடைகளின் வழக்கம். அப்பாவின் உறையில் கப்பல் இரும்பு உரசிய கீறல் ஒன்று இருக்கிறது. அது போவதை நான் விரும்பவில்லை.

ஈரப்பதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊர்க் காற்றில் ஆண்டு முழுதும் ஈரம். பழைய கடிகாரத்தின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் உள்ளே ஈரம் ஏறி, பழைய பூச்சு கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். நல்ல டயலைப் பாதுகாக்கச் செய்யக்கூடிய மலிவான காரியம், வளையத்தை மாற்றுவதும் கடிகாரத்தைக் கேமரா வைக்கும் ஈரநீக்கிப் பெட்டியில் நாற்பது ஐம்பது விழுக்காட்டில் வைப்பதும். கட்டிக்கொண்டு கை கழுவாதீர்கள்.

நாங்கள் செய்தது

மெஷின் சர்வீஸ், புதுக் கண்ணாடி, புது வளையம். டயலைத் தொடவில்லை. தளர்ந்த தூசியை மட்டும் காற்றூதி அகற்றச் சொன்னோம். நான்கு மணிப் புள்ளி உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. சின்ன முள்ளின் பூச்சு முழுதாக இருந்ததால் பின்பக்கம் பசை போட்டு நிறுத்தியாயிற்று.

பெரிய முள்ளுக்கு வந்தபோது கடைக்காரப் பெரியவர் கேட்டார்: “ஒளிர வேண்டுமா, நிறம் மட்டும் போதுமா?” நிறம் மட்டும் நிரப்பினால் சின்ன முள்ளோடு அச்சாக ஒத்துப்போகும். ஒளிரும் தூளாக இருந்தால் இருட்டில் ஒரு முள் மட்டும் தெரியும். நான் நிறம் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான். “அப்பா இருட்டில் பார்த்த முள், அங்கிள். கொஞ்சமாவது ஒளிரட்டும்.” அவன் சொன்னதில் என்னைவிட நியாயம் இருந்தது. சாயம் சேர்த்த தூளையே பூசச் சொன்னோம்.

திருமணத்துக்கு முந்தின இரவு தம்பி வீட்டு அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். பெரிய முள் மங்கலான பச்சைக் கோடாக ஒளிர்ந்தது, கால் மணி நேரம் கண்ணுக்குத் தெரிந்தது. பையன் அதைக் காதருகே வைத்துக் கேட்டான், யாரும் சொல்லித் தரவில்லை.

உதிர்ந்த அந்த மூன்று ரவைத் துணுக்குகளைப் பெரியவர் ஒரு சிறிய உறையில் போட்டு, மூடி ஒட்டிக் கொடுத்தார். அதன் மேல் தேதியையும், எந்த முள்ளுக்கு எந்தத் தூள் என்பதையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த சர்வீஸுக்குக் கடிகாரத்தோடு அந்த உறையும் போகும்.